மறியல் வாசலில் வாய் தவறிய சொல்

ராத்தா,

இன்று காலை மறியல் வாசலில் நீங்கள் உட்காரும் இடத்தில் வேறொருத்தி சவர்க்காரம் பரப்பியிருந்தாள். வாசனை என் சோற்றுச் சட்டிவரை வந்தது. முழுக் கட்டியாக விற்கிறாள், புத்தி கெட்டவள். கைதிகளுக்குக் கொண்டுபோவதை உள்ளே சோதிக்கிறவர்கள் எப்படியும் வெட்டிப் பார்ப்பார்கள் என்று நீங்கள் முன்கூட்டியே பாதி பாதியாக வெட்டி வைப்பீர்கள். "அவனுகள் ஊத்தக் கத்தியால வெட்டுறத நான் கழுவின கத்தியால வெட்டித் தாறன்" என்பீர்கள். சனம் சிரித்துக்கொண்டே வாங்கும்.

நம் ஊருக்கு அந்தச் சிறை மதில்தான் சோறு போட்டது. ஆட்களைப் பார்க்க விடும் நாளில் கல்முனையிலிருந்து ஓட்டோக்கள் வரிசையாக வரும். உங்களிடம் சவர்க்காரம், என்னிடம் சோற்றுப் பார்சல், எதிர்க்கடையில் தேத்தண்ணி. உள்ளே ஆள் குறைந்தால் வெளியே எங்கள் அடுப்பும் அணையும். இதை யாரும் வாய்விட்டுக் கதைப்பதில்லை.

வீட்டுக்கு வந்தவர்களை "பெய்த்து வாங்க", போய்விட்டு வாருங்கள் என்று அனுப்புகிற நாம், விடுதலையாகி வருகிறவனிடம் மட்டும் "போங்க மகன்" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். வா என்று சொன்னால் திரும்ப உள்ளே வந்துவிடுவான் என்று பயம்.

அடிபிடி வழக்கில் உள்ளே இருந்த உங்கள் மகன் வெளியே வந்த அன்று எனக்கு நல்ல யாவாரம். கை சோற்றில், கவனம் எங்கேயோ. "மாமி, வாறன்" என்றான்.

"ஓம் மகன், பெய்த்து வாங்க" என்றுவிட்டேன்.

மாரி தொடங்குமுன் அவன் மறுபடியும் உள்ளே.

பத்துப் பேர் பார்க்கக் கேட்டீர்கள். "என்ட புள்ள திரும்பி வந்தாத்தானே ஒன்ட சோறு விலபோகும்? அதுக்குத்தானே வரச் சொன்னாய்?"

"ராத்தா, வாய் தவறிட்டு. அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க."

"வாய் தவறல்ல புள்ள. ஒன்ட வயிறு கதைச்சது."

அன்றே சாமானைத் தூக்கிக்கொண்டு வாசலின் அந்தப் பக்கம் போனீர்கள். ஒன்பது நோன்புப் பெருநாள் கழிந்தது. மூன்றாவது பெருநாளுக்கு நான் அனுப்பிய வட்டிலப்பம் மூடி திறக்காமலே திரும்பி வந்தது. நீலப்பூப் பீங்கான். நான் மறக்கவில்லை.

நீங்கள் கண்மூடிய அன்று மையத்து வீட்டில் உங்கள் மகள் ஒவ்வொரு பெண்ணின் கையையும் பிடித்து, "உம்மாவப் பொறுத்துக்கங்க" என்று கேட்டு வந்தாள். எல்லோரும் "பொறுத்திட்டன்" என்றார்கள். என் முறை வந்தது. எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நீங்கள் என்னைப் பொறுக்காமலே போய்விட்டீர்கள். நான் மட்டும் ஏன் பொறுக்க வேண்டும் என்றுதான் மனதில் ஓடியது.

நீங்கள் சொன்னது முழுப்பொய் என்றால் எப்போதோ பொறுத்திருப்பேன். அவன் திரும்பிப் போன பிறகு, உங்களுக்குத் தெரியாமல், உங்கள் மருமகள் அவனுக்கு என்னிடம்தான் பார்சல் வாங்கினாள். நானும் காசை வாங்கிக்கொண்டு கட்டிக் கொடுத்தேன்.

"தண்ணி குடிங்க மகள்" என்று உங்கள் மகளிடம் சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

இப்போதும் வழியில் கண்டால் அவள் நிற்கிறாள், நான் "பொறுத்திட்டன்" சொல்லிவிடுவேன் என்று. நேற்றும் நின்றாள். சலாம் சொல்லிவிட்டு நடந்தேன். அந்த ஒரு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் தினமும் சோறு கட்டுகிறேன், ராத்தா.