கம்பெனி கைகழுவிய இரண்டு ஏக்கர்

என் அன்வருக்கு,

உன் கபர்மேல் புல் முளைத்துவிட்டதாம், உன் மும்தாஜ் சொன்னாள். நான் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. ஆம்பூரிலேயே இருந்துகொண்டு வராமல் இருப்பதற்குக் காரணம் கோபம்தான். செத்தவன்மேல் கோபப்படலாமா என்று கேட்டால், நீயே பதில் சொல்.

முதலில் சேதி. நீ சூப்பர்வைசராக இருந்த தோல் கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. பேங்க் கடன் கட்ட முடியாமல் விஷயம் சென்னைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. கம்பெனியைக் கலைத்து, இருப்பதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஒருவரை நியமித்தார்கள். லிக்விடேட்டர் என்று பெயர். கட்டடமும் தோல் ஊறப்போடும் டிரம்களும் ஏலத்தில் போய்விட்டன. நீ திட்டிக்கொண்டே ஓட்டிய அந்தப் பழைய மெஷினைக்கூட எவனோ வாங்கிக்கொண்டு போனான்.

யாருக்கும் வேண்டாமல் மிஞ்சியது என் இரண்டு ஏக்கர்தான்.

நினைவிருக்கிறதா? கிணறு உப்பாகி, தென்னை காய்ந்து, நிலத்தை அப்படியே போட்டுவிட்டு நான் டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ பஸ் ஸ்டாண்டுக்கு வந்து டீ வாங்கிக் கொடுத்தாய். நீ டீ வாங்கிக் கொடுத்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"மச்சான், நெலம் சும்மாதான கெடக்குது? கம்பெனில தோல் கழுவுன கழிவுச் சேறு காயவைக்க எடம் கம்மியா இருக்குது. ஒரு வருசத்துக்குக் குடு. புது யார்டு கட்டினதும் மொத்தத்தையும் வழிச்சி எடுத்துட்டுப் போய்டுவாங்க."

"நீ இருக்கியா நடுவுல?"

"நா இல்லாம?"

அதுதான் என் அக்ரிமென்ட். காகிதத்திலும் ஒன்று எழுதினோம், ஊரில் எல்லோரும் செய்வதுபோலப் பதினோரு மாதத்துக்கு, பதிவு பண்ணத் தேவையில்லாமல். அது முடிந்தால் இன்னொரு பதினோரு மாதம். ஒவ்வொரு முறையும் நீ அதே வரிகளைப் புதுப் பத்திரத்தில் எழுதி, கம்பெனியில் கையெழுத்து வாங்கி எடுத்து வருவாய். நான் ஸ்டியரிங்மேல் வைத்துக் கையெழுத்துப் போடுவேன். இத்தனை பத்திரத்தில் எதிலாவது, சேற்றை யார் அள்ள வேண்டும் என்று ஒரு வரி உண்டா? நீ எழுதவில்லை. மச்சானிடம் போய் இதை எழுது என்று கேட்க எனக்கும் கூச்சமாக இருந்தது. யார்டு வரவே இல்லை. பச்சை நிறச் சேறு என் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது.

லிக்விடேட்டரைப் பார்க்கச் சென்னைக்குப் போனேன். நல்ல மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க நிலத்தோட குத்தகை கம்பெனிக்குச் சுமை சார். வித்தாலும் காசு வராது, வச்சிருந்தா செலவு. அந்த மாதிரிச் சொத்த வேண்டாம்னு விட்டுட சட்டத்துல இடம் இருக்கு. தீர்ப்பாயமும் சம்மதிச்சிடுச்சு. நிலம் இனி உங்களுதுதான்."

"சேறு?"

"அது நிலத்துலதான சார் இருக்கு."

"கொட்டினது யாருங்க?"

"கம்பெனி. ஆனா கம்பெனியே இப்ப இல்லையே."

அவர் குரலை உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன். அவர் பாவமாகப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அன்வர். அறுபது வயசில், ஏசி ரூமில், யாரோ ஒருவர் முன்னால்.

நஷ்டம் என்று சொல்லி நானும் கடன்காரர்களோடு மனு போடலாம், ஆதாரம் வேண்டும் என்றார். மும்தாஜிடம் வந்தேன். நீ டிராக்டர் லோடுகளை எழுதிவைத்த நோட்டை அவளே எடுத்து வந்தாள். எந்த நாள், எத்தனை லோடு, கீழே உன் கையெழுத்து. இதைக் கொடுத்தால் உன் பேர் கெட்டுப்போகுமே என்று தயங்கினேன்.

"அவரு பொய் எழுதலண்ணா," என்றாள். "எடுத்துட்டுப் போங்க."

என் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். வரிசையில் நிற்க வைத்தார்கள். ஏல வேலைக்கான செலவு முதலில், அப்புறம் பேங்கும் உன்னோடு வேலை பார்த்தவர்களும், அப்புறம் இன்னும் யார் யாரோ. என் முறை வரும்போது பாத்திரத்தில் ஒன்றும் இருக்காது என்று வக்கீல் இப்போதே சொல்லிவிட்டார். நிலம் கெட்டது பேங்குக்கு இல்லை, எனக்கு. ஆனால் நான் கடைசி ஆள்.

அடுத்து மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. நிலத்துக்காரன் நான், அதனால் அப்புறப்படுத்த வேண்டியதும் நானாம். அள்ள வேண்டிய அளவுக்கு ஆதாரமாக உன் நோட்டையே காட்டியிருந்தார்கள். என் நஷ்டத்தை நிரூபிக்க நான் கொடுத்த கணக்கு என் கழுத்துக்கே வந்தது. இந்த நிலத்தைப் பத்துமுறை விற்றாலும் அந்தச் சேற்றை முறையாக அள்ள முடியாது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு புரோக்கர் வந்தான். "மேல ரெண்டு அடி செம்மண்ணு போட்டு லெவல் பண்ணிட்டா யாருக்கு இன்னாண்ணே தெரியப் போவுது? பிளாட் போட்டுடலாம்." என் மகள் கவிதா வேலூரில் வாடகை வீட்டில் இருப்பது உனக்குத் தெரியும். அந்த நிலம் அவளுக்கென்று சொல்லி வைத்தது. "வித்துடுப்பா, நாம மட்டும் இன்னா பாவம் பண்ணோம்?" என்றாள். சரி என்றேன். செம்மண் கொட்டி நிரவினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதல் ஆளாக ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. அந்தப் பெண் மாசமாக இருந்தாள். நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம், "போர் போட்டா தண்ணி எப்படிங்க இருக்கும்?" என்றாள்.

"நல்லா இருக்கும்மா," என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? ஒரு தடங்கல் இல்லை. புரோக்கர் என் முதுகைத் தட்டினான். அவர்கள் ரோட்டுக்குப் போய் பஸ்ஸுக்கு நின்றார்கள். நீ பஸ் ஸ்டாண்டில் என்னிடம் பேசியபோது உன் வாயிலும் இப்படித்தான் வந்திருக்கும் என்று தோன்றியது. நீயும் கெட்டவன் இல்லை. உனக்கும் வீடு இருந்தது, மேலே ஒரு முதலாளி இருந்தான், சொல்ல ஒரு பொய் கைவசம் இருந்தது.

பஸ் வருவதற்குள் போய்ச் சேர்ந்தேன். "இந்த எடம் வேணாம்மா. செம்மண்ணுக்கு அடியில தோல் கம்பெனிச் சேறு கெடக்குது. தண்ணி வாயில வைக்க முடியாது." அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

புரோக்கர் கெட்ட வார்த்தையில் திட்டினான். கவிதா இன்னும் போனை எடுப்பதில்லை. அவள் கோபம் நியாயம்தான், எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது.

எனக்கு அப்புறம் இன்னொரு புரோக்கர் வருவான், இல்லையா? அப்போது பஸ் நிறுத்தத்துக்கு யார் ஓடுவது? அதனால் நோட்டீஸ் நகலோடு பத்திர ஆபீஸுக்குப் போனேன். இந்த நிலத்தின் அடியில் சேறு இருக்கிறது என்று வில்லங்கச் சான்றில் ஏற்றுங்கள் என்றேன். அங்கிருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "உங்க நெலத்துக்கு நீங்களே வில்லங்கம் கேக்குறீங்களா? அப்புறம் ஒரு பைசாவுக்குப் போவாதுங்க." தெரியும் என்றேன். கடன் இருந்தால் ஏற்றலாம், வழக்கு இருந்தால் ஏற்றலாம், விஷம் இருந்தால் ஏற்ற அவர்களிடம் வழி இல்லையாம்.

இப்போது திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறேன். வரிசையில் பழகிய முகமாகிவிட்டேன். சேற்றை அள்ள என்னால் முடியாது. கம்பெனிக்கும் முடியாது, அது செத்துவிட்டது. அங்கே இருக்கிறது என்று எழுதிவைக்க மட்டும் என்னால் முடியும். நீயும் நானும் எந்தப் பத்திரத்திலும் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியை அரசாங்கக் காகிதத்தில் ஏற்றுவேன். அது சத்தியம். அதுவரைக்கும் நீ இருக்கும் இடத்துக்கு என்னைக் கூப்பிடாதே.

உன் மச்சான்,
ஏழுமலை