நிறுத்தி வைத்த பெர்மிட்

அப்பா,

உங்கள் அலமாரியைத் திறந்ததும் முதலில் வந்தது அந்த எண்ணெய் வாடைதான். நீங்கள் டூட்டிக்குப் போடுகிற நீலக் கவரால் உடுப்பு இரண்டும் துவைத்து, தேய்த்து, மடித்து இருந்தன. எத்தனை முறை சோப்புத்தூள் போட்டாலும் டேங்க் வாடை போவதில்லை என்று அம்மா இருபது வருடமாகக் குறைபட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அதே அம்மா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணையாவது துவைக்காம வச்சிருந்திருக்கலாம்" என்றாள். நான் கவராலை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

உங்கள் வேலையை வைத்து வாங்கிய அம்மாவின் அமீரக விசா முடிய இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது. அதற்குள் இந்தப் புஜைரா வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். நான் வேலை பார்க்கிற அல் ஐன் பள்ளியில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கவராலுக்கு அடியில் உங்கள் பழைய பெர்மிட் புத்தகம் இருந்தது. கம்பெனியில் படிவம் மாறியபோது குப்பைக்குப் போக இருந்ததை நீங்கள் கேட்டு வாங்கி வந்தீர்களே, அதேதான். வெள்ளைத் தாள் ஒன்று, அதற்குக் கீழே மஞ்சள் நகல் ஒன்று என்று அடுக்கிய புத்தகம். பாதிக்கு மேல் எழுதாமலே இருக்கிறது. அதைக் கையில் எடுத்ததிலிருந்து வீட்டைக் காலி செய்கிற வேலை ஒன்றும் ஓடவில்லை.

நீங்கள் வேலை பார்த்த எண்ணெய்க் கிடங்கில் ஒரு போல்ட்டைக் கழற்றுவதானாலும் முதலில் பெர்மிட் எழுத வேண்டும். என்ன வேலை, என்ன ஆபத்து, அதற்கு என்ன பாதுகாப்பு, பக்கத்தில் ஸ்டாண்ட்பையாக நிற்பது யார். இவ்வளவும் எழுதிக் கையெழுத்தான பிறகுதான் ஸ்பானரைத் தொடலாம். அந்தத் தாள்களைச் சரிபார்ப்பதுதான் உங்கள் உத்தியோகம். அதை டூட்டியோடு விட்டுவிட்டு வந்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். அம்மா மின்விசிறி துடைக்க ஸ்டூலில் ஏறினால், "ஸ்டாண்ட்பை யாரு?" என்று கேட்டுக்கொண்டு நீங்களே வந்து நிற்பீர்கள்.

"நிக்கியளே, ஸ்டூலப் புடிச்சா என்ன?" என்பாள் அம்மா.

"புடிச்சா நானும் வேலை பாக்குத ஆளாயிருவேன். ஸ்டாண்ட்பைக்கு ஒரே வேலைதான். பாத்துக்கிட்டு நிக்கணும். கை வைக்கவும் கூடாது, உக்காரவும் கூடாது."

அம்மா ஸ்டூலிலிருந்து விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டதற்கு, "சத்தம் போடுவேன், அது அனுமதி உண்டு" என்றீர்கள். தூத்துக்குடியிலிருந்து வந்த எந்தச் சொந்தக்காரரிடமும் இந்தக் கதையைச் சொல்லாமல் அம்மா விட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலைகள் மட்டும் பெர்மிட் இல்லாதவை. பள்ளிவாசல் பின்னால் இருக்கிற மணல் திடலில் உங்கள் கிடங்கு ஆட்களின் கிரிக்கெட். டென்னிஸ் பந்தில் டேப் சுற்றி, வெயில் ஏறுவதற்குள் இரண்டு ஆட்டம் முடித்துவிடுவீர்கள். கான் பாய்தான் எப்போதும் கேப்டன். பம்ப் ஆபரேட்டரான அவர், கேட்சை விட்டவர்களை உருதுவில் திட்டிவிட்டு அவர்களுக்கே முதலில் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். எனக்குப் பத்து வயதாகும்போது உங்கள் முழங்கால் மடங்க மறுத்தது. விக்கெட் கீப்பர் கையுறையைக் கழற்றி, "ஏளா, இன்னைக்கு ஒரு நாள் நில்லு" என்று என்னிடம் கொடுத்தீர்கள். அந்த ஒரு நாள் ஏழு வருடம் நீண்டது. பத்துப் பன்னிரண்டு பெரிய ஆட்களுக்கு நடுவில் நான் ஒருத்தி பெண்பிள்ளை. நீங்கள் என் பக்கத்தில், முதல் ஸ்லிப்பில் நின்று, ஒவ்வொரு பந்துக்கும் எனக்கு மட்டும் கேட்கிறாற்போல் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். பிறகு பள்ளிப் பெண்கள் அணியிலும் நான்தான் கீப்பர்.

கால்பந்து அதற்குப் பிறகு வந்தது. ஒன்பதாவதில் கோல்கீப்பர் பெண்ணுக்குக் கை உடைந்தது, கையுறை போட்டுப் பழகியவள் என்று என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். அதில் நீங்கள் இல்லை. பயிற்சி வாரநாள் சாயங்காலம், நீங்கள் டூட்டியில் இருப்பீர்கள். பெனால்டி பெட்டிக்குள் நின்று முன்னால் இருக்கிற பத்துப் பேரையும் நான் கத்தி நகர்த்துவேன். வீட்டில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு முறை ஆட்டம் பார்க்க வந்தீர்கள். இரண்டு முறையும், "இந்த ஆளு எதுக்குக் கொடியத் தூக்குதான்?" என்று ஆஃப்சைடுக்குக் கொடி தூக்கிய லைன்ஸ்மேனைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டீர்களாம்.

பன்னிரண்டாவது பரீட்சை முடிந்த பிறகு இரண்டு கல்லூரிகள் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு என்னைக் கூப்பிட்டன. கிரிக்கெட்டுக்குக் கோயம்புத்தூர், கால்பந்துக்குச் சென்னை. தேர்வு இரண்டும் ஒரே நாள், ஒரே காலை. உங்கள் கிடங்கை நிறுத்திப் பழுதுபார்க்கிற ஷட்டவுன் வேலை நடந்துகொண்டிருந்ததால் ஐந்து நாள்தான் லீவு கிடைத்தது, அதற்கும் வியாழக்கிழமைக்குள் டிக்கெட் போட்டுக் காட்ட வேண்டும். நான் எந்த ஊர் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என்னால் சொல்ல முடியவில்லை. நீங்கள் ஏற்கெனவே கான் பாயிடம், கேன்டீன்காரரிடம், கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியிடம்கூட, "நம்ம புள்ள கிரிக்கெட்டுக்குப் போவுது" என்று சொல்லிவிட்டிருந்தீர்கள். எனக்குக் கால்பந்து வேண்டும். அதைச் சொன்னால் அந்த ஏழு வருட வெள்ளிக்கிழமைகளை உங்கள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்கிற மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டீர்கள். "ரெண்டு வேலைக்கும் பெர்மிட் எழுதிக் குடு. வாயால சொல்ல வராதது எழுதுனா வரும்."

முதலில் கிரிக்கெட். மளமளவென்று எழுதினேன். ஆபத்து என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டேன். ஸ்டாண்ட்பை கட்டத்தில் 'அப்பா' என்று எழுதினேன். நீங்கள் படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினீர்கள். "ஆபத்து இல்லன்னு எழுதுன பெர்மிட்ல எவனும் கையெழுத்துப் போட மாட்டான். யோசிக்காம எழுதிருக்கன்னு அர்த்தம். அடுத்தத எழுது."

கால்பந்துத் தாளில் மற்றதெல்லாம் எழுதிவிட்டு ஆபத்துக் கட்டத்துக்கு வந்தபோது கை நின்றது. அப்புறம் என்ன தைரியம் வந்ததோ, 'அப்பா வருத்தப்படுவார்' என்று எழுதிவிட்டேன். ஸ்டாண்ட்பை கட்டத்தைக் காலியாக விட்டேன். தாளை உங்கள் பக்கம் நகர்த்திவிட்டு, மேசைவிரிப்பின் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அதை நிதானமாகப் படித்தீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தீர்கள். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பாதுகாப்பு என்ற கட்டத்தில், 'வருத்தம் வந்தால் அப்பா டீ குடித்துக்கொள்வார்' என்று எழுதினீர்கள். நான் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் இருந்தேன். அப்புறம் கிரிக்கெட் தாளை எடுத்து ஸ்டாண்ட்பை கட்டத்தில் இருந்த உங்கள் பெயரை அடித்தீர்கள்.

"இதுல நானும் சேந்து வேலை பாக்குதேன்ளா. உன் பக்கத்துல நின்னு வாய் ஓயாம பேசிக்கிட்டே இருக்கேன். வேலை பாக்குதவன் ஸ்டாண்ட்பை நிக்க முடியாது." கால்பந்துத் தாளின் காலிக் கட்டத்தில் உங்கள் பெயரை எழுதினீர்கள். "இதுல எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதனால நான் நிக்கலாம்."

கையெழுத்துப் போட்டு வெள்ளைத் தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்தீர்கள். கிரிக்கெட் தாளை என்ன செய்ய என்று கேட்டேன். "அத நான் பாத்துக்கிடுதேன்" என்று புத்தகத்தை மூடினீர்கள். மறுநாள் காலை சென்னைக்கு டிக்கெட் போட்டாயிற்று. கேட்டில் நின்ற செக்யூரிட்டியிடம் என்ன சொல்லிச் சமாளித்தீர்கள் என்று நான் கேட்கவேயில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சென்னையில் அந்த மே மாத வெயிலில் மற்ற பெற்றோர் எல்லாம் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் மட்டும் என் கோல் வலைக்குப் பின்னால், அந்த மடங்காத முழங்காலோடு, மூன்று மணி நேரம் நின்றீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் ஸ்லிப்பில் ஒரு நிமிடம் வாயை மூடாத ஆள். ஒரு கோல் உள்ளே போனபோது திரும்பிப் பார்த்தேன், நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள். வெளியே வந்து இளநீர் குடிக்கும்போது, "உள்ள போன பந்த எடுத்து எதுக்கு மறுபடியும் நடுவுல கொண்டு வைக்காவ?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு எனக்கு இடம் கிடைத்ததைவிட அந்தக் கேள்விதான் இன்றைக்கும் நினைவில் நிற்கிறது. தெரியாத ஒன்றுக்காக அவ்வளவு நேரம் நின்றீர்கள், அப்பா. எனக்கு நீங்கள் கொடுத்தவற்றில் அதற்கு மேல் ஒன்றை நான் காணவில்லை.

நான் பெரிய ஆளாகிவிடவில்லை. நான்கு வருடம் கல்லூரி அணிக்கு ஆடினேன், ஒரு வருடம் பல்கலைக்கழக அணியில் பெஞ்சில் உட்கார்ந்தேன், இப்போது பிள்ளைகளுக்குக் கோல் கம்பத்துக்கு நடுவில் எப்படி நிற்பது என்று சொல்லிக்கொடுக்கிறேன். என் சத்தம் மூன்று மைதானம் தாண்டிக் கேட்கிறது என்று தலைமை ஆசிரியை சொல்கிறார். வேலைக்குப் போகிற ஒவ்வொரு காலையும் எனக்குப் பிடித்திருக்கிறது. இதை நேரில் உங்களிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்லாமலே தெரியும் என்று விட்டுவிட்டேன். பிறகு மார்ச் மாதத்தில் ஒரு நாள் நீங்கள் டூட்டி முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அம்மா டீயோடு வருவதற்குள் போய்விட்டீர்கள்.

நேற்றுதான் புத்தகத்தைக் கடைசிவரை புரட்டினேன். அந்தக் கிரிக்கெட் தாள் இன்னும் கிழிக்கப்படாமல் இருந்தது. அடியில் வேலையின் நிலை என்று மூன்று கட்டம். முடிந்தது, ரத்து, நிறுத்தி வைக்கப்பட்டது. நீங்கள் ரத்து செய்திருப்பீர்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். டிக் இருந்தது மூன்றாவது கட்டத்தில். நிறுத்தி வைத்த பெர்மிட் செத்துப்போகாமல் இருக்க அவ்வப்போது புதுப்பித்துக் கையெழுத்துப் போட வேண்டும் இல்லையா? கீழே வரிசையாக எட்டுக் கையெழுத்து, தேதியோடு. தேதிகளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. எல்லாம் நான் லீவில் வீட்டுக்கு வந்திருந்த வெள்ளிக்கிழமைகள். "வாரியாளா, கீப்பிங்குக்கு ஆளில்ல" என்று கதவோரம் நின்று கேட்பீர்கள். முதலில் விரல் அடிபட்டால் கோச் திட்டுவார் என்றேன். பிறகு தூக்கம் வருகிறது என்றேன். நீங்கள் ஒரு முறைகூட இரண்டாவது தடவை கேட்டதில்லை. போய்க் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறீர்கள்.

கொஞ்ச நேரம் அழுதேன். அம்மா பக்கத்தில் வந்து தாளை வாங்கிப் பார்த்தாள்.

இன்று வெள்ளிக்கிழமை. ஊரெல்லாம் லீவு சனி ஞாயிறுக்கு மாறியும் உங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமைக் காலையை விடவில்லை. எனக்கு மதியம்தான் வேலை பாக்கி, மூட்டை கட்டுவது. காலையில் ஒன்பதாவது வரிசையில் நான் கையெழுத்துப் போட்டேன். ஸ்டாண்ட்பை கட்டத்தில் நீங்கள் அடித்த பெயருக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. புத்தகத்தை அம்மாவிடம் நீட்டினேன்.

"எனக்குக் கிரிக்கெட்ல என்னத்த தெரியும்?" என்றாள். இருபது வருடத்தில் ஒரு நாள்கூட அந்தத் திடலுக்கு வந்ததில்லை அவள்.

"அதனாலதாம்மா கேக்கேன். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்."

கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் பெயரைத் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

உங்கள் கீப்பர் கையுறை கான் பாயிடம்தான் இருந்தது. என்னைக் கண்டதும் அவர் வண்டியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தார். "யல்லா, பேட்டி," வா மகளே என்று சொன்னவர் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதல் ஸ்லிப்பில் யாரையும் நிறுத்தவில்லை. முதல் கேட்சை விட்டேன். நேராக மார்புக்கு வந்தது, அப்பா, மூன்றாவது படிக்கிற பிள்ளை பிடித்திருக்கும். கான் பாய் உருதுவில் திட்டிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இரண்டாவதைப் பிடித்தேன்.

பள்ளிவாசல் சுவர் நிழலில் அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். ஆட்டம் முடிகிறவரை அது காலியாகவே இருந்தது. அம்மா பக்கத்தில், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். கால் வலிக்குமே, உட்கார்ந்திருக்கலாமே என்று கேட்டேன்.

"ஸ்டாண்ட்பை உக்காரக் கூடாதுன்னு உங்கப்பா சொல்லுவாகல்லா" என்றாள்.

புத்தகம் இப்போது என் காரில் இருக்கிறது. அல் ஐனுக்கு எடுத்துப் போகிறேன். இன்னும் நிறைய வரிசை காலியாக இருக்கிறது.

உங்கள் மகள்