சந்தனம் அடைத்த திருகாணி

முதலில் பிள்ளைகள் செய்தி. பெரிய பேரனுக்குக் கொச்சியில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்தவன் மலையாளப் பேச்சுப் போட்டியில் மாவட்டத்திலேயே முதல். தமிழ் வீட்டுப் பிள்ளை, நினைத்துப் பார்! பேத்தி மீனு கட்டடக்கலை கடைசி வருஷம். எல்லாம் நீ கண்ணை மூடின பிறகு வந்த சந்தோஷங்கள். சிநேகிதி உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இன்றைய பெரிய செய்தி மீனுவுடையது. என் நகக்கண்ணில் இப்போதும் பழைய சந்தனம் மணக்கிறது. அந்த மணத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன்.

அவள் ஒரு நூலகத்துக்கு வரைபடம் போட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை கல்லூரியில் அதைத் திரையில் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும், அதில்தான் பாஸ். லேப்டாப்போ படத்தைத் திறந்ததும் விறைத்து நின்றுவிடுகிறது. "மெமரி பத்தலை ஆச்சி" என்று ஒரே அழுகை. கூட்ட முடியுமா என்று போனில் தேடினாள். அதே மாடலில் இரண்டு ரகமாம். ஒன்றில் மெமரியைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள், கூட்டவே முடியாது. மற்றதில் இன்னொன்று சொருகக் காலியிடம் இருக்கும். எங்களுடையது எது என்று திறந்தால்தான் தெரியும்.

தம்பானூர் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் கவிழ்த்துப் பார்த்தார்.

"அம்மே, இது லேப்டாப்போ, கோவில் நடையோ?"

திருகாணிக் குழிகளெல்லாம் சந்தனம், குங்குமம்! ஒவ்வொரு நவராத்திரிக்கும் பூஜை வைப்பில் புத்தகங்களோடு அதையும் அடுக்கி, மேல்பக்கம் அழுக்காகுமே என்று அடிப்பக்கம் பார்த்துப் பொட்டு வைத்தவள் நான்தான். வருஷக்கணக்கில் கல்லாக இறுகிவிட்டது.

"பலமா திருப்பினா ஸ்க்ரூ தலை போகும். புதுசு நோக்குங்கோ" என்று கையை விரித்தார். மீனு என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை!

அப்போது உன்னை நினைத்துக்கொண்டேன். ஸ்ரீவராகத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தபோது என் மிக்சி சுற்றவில்லை என்று தூக்கிப் போடப் போனேன். நீ பிடுங்கி, ஜாரின் பிளேடைக் கழற்றினாய். அடியில் ஒரு புளியங்கொட்டை! "ஏட்டி, தொறந்து பாக்காம எதையும் தூக்கிப் போடாத" என்றாய். அந்தத் தெம்பில் என் சுவர்க்கடிகாரத்தையும் திறந்தாய். பூட்டின பிறகு ஒரு பல்சக்கரம் மிச்சம். "இத சும்மா கூடுதலா வச்சிருக்கான்" என்று முந்தானையில் முடிந்துகொண்டாய். கடிகாரம் அப்புறம் ஓடவே இல்லை.

சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்டத் தொடங்கினேன்.

"அம்மே, வேண்டாம், கையில குத்தும்."

"நான் வச்ச பொட்டு. நானே எடுக்கேன்."

துளித்துளியாக உதிர்ந்தது. கடை முழுக்கச் சந்தன வாசனை. கடைசிக் குழியும் தெளிந்ததும் அவர் திருப்பினார், திருகாணி சுழன்றது! மூடியை நெம்பினார். மூன்று தலையும் இடித்துக்கொள்ளக் குனிந்து பார்த்தோம்.

"காலியா இருக்கு ஆச்சி! காலியா இருக்கு!" மீனு கத்தின கத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து மனுஷருக்கு இத்தனை சந்தோஷம் வருமா? வந்ததே!

அவர் புது மெமரியைச் சொருகிப் பூட்டினார். எதுவும் மிச்சமாகவில்லை, நான் கவனமாகப் பார்த்துக்கொண்டேன். மீனு படத்தைத் திறந்தாள். நூலகம் நிற்காமல் சுற்றியது. படிகள், ஜன்னல்கள், மொட்டைமாடியில் ஒரு மரம்கூட. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் என் பேத்தி கட்டின நூலகத்துக்குள் வாசல் வழியாக நுழைந்துபோனேன். நீயும் கூட வந்தாய், வராமல் இருப்பாயா?

கடை வாசலிலேயே மீனு என்னையும் லேப்டாப்பையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தாள். நான் வாயெல்லாம் பல். அதைப் பார்த்ததும் நீ தென்காசிக்குப் போன பிறகு நாம் எழுதிக்கொண்ட மடல்கள் ஞாபகம் வந்தன. எந்த மடலும் அந்த ஒரு வரி இல்லாமல் முடிந்ததில்லை. கை இன்னும் அதை மறக்கவில்லை, எழுதிவிடுகிறேன்: புதுசாக ஒரு போட்டோ எடுத்தால் தபாலில் போடு.