ராணியைத் தேடக் கட்டிய பை

14-5-74, செவ்வாய்

காலையிலேயே அனல். வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை.

பரீட்சைக்குப் பொது அறிவு எழுதிப் படிக்க நைனா வாங்கிக் கொடுத்த நோட்டு இது. இதில் போய் இதை எழுதுவதற்கு நைனா மன்னிக்க வேண்டும். வேறு தாள் இல்லை. யாரிடமும் சொல்லவும் எனக்கு வாய் வராது.

ராணி நேற்றுச் சாயங்காலம் வீடு திரும்பவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போது கைக்குழந்தைக்காரி. தேர்வாய் கண்டிகைக்கு அந்தப் பக்கம் மலைக்காட்டில் விறகு பொறுக்கப் போயிருக்கிறாள். கூடப் போன பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி வாசலில் நின்று அம்மாவிடம் அழுதாள்.

"பாரஸ்ட் கார்டு வந்துட்டான்க்கா. வெறகப் போட்டுட்டு ஆளுக்கொரு பக்கமா ஓடினோம். அவளும் பின்னாடியே வந்துக்கினு கீறான்னுதான் நெனச்சோம்."

மாடு தொலைந்தாலும் மனுஷர் தொலைந்தாலும் ஊரில் முதலில் நைனாவைத்தான் கூப்பிடுவார்கள். மலையில் அவருக்குத் தடம் தெரியும். கூலி எல்லாம் கிடையாது. இன்றைக்கு அவரோடு ஏழுமலை மாமா (அம்மாவின் தம்பி, கும்மிடிப்பூண்டி இரும்பு கம்பெனி, லீவு போட்டுவிட்டார்), இன்னும் நாலைந்து ஆண்கள்.

நைனா: "நீயே பை கட்டுமா. படிச்ச பொண்ணு, எதுவும் வுட்டுப் போவாது. போன தபா தீப்பெட்டிய மறந்துட்டு ஒரே பேஜாரு."

என் என்.சி.சி. முதுகுப்பையை எடுத்தேன். காலேஜ் முடிந்ததிலிருந்து பரணில் கிடந்தது. பல்லி முட்டை ஒன்று. தட்டிவிட்டு வைத்தவை:

தண்ணீர் பாட்டில், அடியில், முதுகுப் பக்கம்.
வெல்லம், வறுத்த வேர்க்கடலை, உப்புப் பொட்டலம்.
டார்ச், புது பேட்டரி.
தீப்பெட்டி, பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி.
கயிறு.
டிஞ்சர், பஞ்சு, கிழித்த வெள்ளைத் துணி.
மேலே, கைக்கு எட்டுகிற மாதிரி, விசில்.

மலைக்குள் யாரும் ஆள் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள் எங்கள் ஊரில். வேறு ஏதாவது பதில் கொடுத்துவிடும் என்ற பயம். "ஓ" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெயிலில் தொண்டை கட்டிவிடுமே என்றுதான் விசிலை வைத்தேன். நைனா ஒரு முறை ஊதிப் பார்த்துச் சிரித்தார். "நல்ல ரோசனை."

முள் கிழிக்காமல் இருக்க மாமா தன் கம்பெனி காக்கிச் சட்டைகளை எல்லாருக்கும் கொடுத்தார். "இன்னா மாமா, போலீஸ் பட்டாளமே கெளம்புது" என்று தெருப் பையன்கள். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பொழுது சாயும்போது திரும்பினார்கள். பாட்டில் காலி. விறகுக் கட்டு ஒன்று கிடைத்ததாம், கயிறு அவிழ்க்காமல். ஆள் இல்லை.

ராணி வீட்டிலிருந்து குழந்தை அழுகிற சத்தம் இங்கே வரை.


15-5-74, புதன்

அனல் நேற்றைவிட அதிகம். கிணற்றில் வாளி தரையில் மோதுகிறது.

குழந்தைக்குப் பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுக்கிறார்கள். துப்பிவிடுகிறது.

விடியலில் மறுபடி பை. இன்னொரு பாட்டில் சேர்த்தேன். பேட்டரி பரவாயில்லை. நைனா நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பழைய வேட்டி ஒண்ணு அடியில வையி."

"கட்டுப் போடறதுக்குத் துணி கீது நைனா."

"வையி."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வைத்தேன். அதன்மேல் வெல்லத்தை வைக்கக் கை வரவில்லை. வெல்லத்தைப் பக்கப் பைக்கு மாற்றினேன்.

அம்மா கேழ்வரகுக் களி கிண்டினாள். உப்புப் போட மறந்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை.

மத்தியானம் ராணி வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரி மெதுவாக ஆரம்பித்தாள், எல்லார் காதிலும் விழும்படி. "கவரப்பேட்டை டேசன்ல அவள மாதிரியே ஒருத்தி வண்டி ஏறினாளாம். கூட யாரோ ஆம்பளையாம். இன்னா கண்டோம்."

ராணியின் மாமியார், எப்போதும் அவளோடு சண்டை போடுகிறவள், எழுந்து வந்தாள். "ஏம்மே, பால் கட்டிக்கினு மாரு தெறிக்குது, புள்ளய வுட்டுட்டு எவ வண்டி ஏறுவா? நீ ஏறுவியா? போ, உன் ஊட்ட பாரு."

ராணியின் புருஷன் திரும்பிப் பார்க்கவேயில்லை. அவன் நம்புகிறானா, நம்பவில்லையா? முதுகைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சாயங்காலம். ஆட்கள் திரும்பினார்கள். காக்கிச் சட்டைகளில் உப்புப் பூத்திருந்தது. பையை வாங்கியதும் முதலில் அடியில் தொட்டுப் பார்த்தேன். வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது. உயிர் வந்தது எனக்கு.

சாப்பிடும்போது அவர்கள் பேசியது. ஞாபகம் இருக்கிறபடி.

நைனா: "இந்த வெயிலுக்கு மலையில தண்ணி அந்த ஒத்த சுனையிலதான். உசுரோட இருந்தா அங்கதான் வரணும். அதான் பூரா பொழுதும் அங்கயே குந்திக்கினு ஊதினோம்."

மாமா: "ஊதி ஊதி என் கன்னமே ஒட்டிப் போச்சி. ஒரு பன்னி மட்டும் வந்துக்கினே இருந்துச்சி. பொதர் அசையும், நான் விசிலு குடுப்பேன், கம்முனு ஆயிடும். மறுபடி அசையும். துப்பாக்கி இருந்திருந்தா இன்னிக்கிக் கறிதான்."

எல்லாரும் சிரித்தார்கள். பாவம், இரண்டு நாளாக யாரும் சிரிக்கவில்லை.

நைனா: "நாளைக்கி உச்சிப் பொழுது வரைக்கும் பாக்கலாம். அதோட சரி. ஆந்திரா பக்கம் எறங்கிப் பூட்டாளோ, இன்னாவோ."

படுத்தேன். பன்னி ஏன் தனியாக வரவேண்டும்?


16-5-74, வியாழன்

இன்னும் வெளிச்சம் வரவில்லை. சிம்னி விளக்கில் எழுதுகிறேன். எழுத்து கோணல்.

அது பன்னி இல்லை.

நாலாவது படிக்கும்போது ஒரு லீவு நாள், ராணியோடும் அவள் அம்மாவோடும் நானும் சுள்ளிக்குப் போனேன். தூரத்தில் கார்டு விசில் ஊதினான். காக்கிச் சட்டை தெரிந்தது. ராணி என்னைப் புதருக்குள் இழுத்து, என் வாயைத் தன் கையால் பொத்திக்கொண்டாள். விசில் கேட்கிற வரைக்கும் மூச்சுக்கூட விடக்கூடாதுடி என்றாள். பிடித்தால் கத்தியைப் பிடுங்குவான், கயிற்றைப் பிடுங்குவான். பெரியவர்களாக இருந்தால் வேறு என்னவெல்லாமோ. அதை அவள் அம்மா சொல்லவில்லை, எங்களைக் கட்டிக்கொண்டாள், அவ்வளவுதான்.

விறகுக்குப் போகிற பெண் விசிலுக்குப் பதில் கொடுப்பாளா?

அந்த விசிலைத்தான் நான் பையில் வைத்தேன். கைக்கு எட்டுகிற மாதிரி, மேலே.

நேற்றுப் பூராவும் அவள் சுனைக்குக் கிட்டே வந்து வந்து பார்த்திருக்கிறாள். அங்கே காக்கிச் சட்டை போட்ட ஆண்கள், தண்ணீரை அடைத்துக்கொண்டு. பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் தன்னைத்தான் தேடுகிறார்கள் என்று தெரிந்திருக்கும். அதையும் யாரும் செய்யவில்லை. இனி நகர்கிற அளவுக்குத் தெம்பு இருக்குமா அவளுக்கு?

எழுந்து பையைக் கொட்டினேன். அம்மா முழித்துக்கொண்டாள்.

"இன்னாடி பண்ற இந்நேரத்துக்கு?"

சொன்னேன். பாதிதான் சொல்ல வந்தது, மீதியை அவளே புரிந்துகொண்டாள். பிறகு பெட்டியைத் திறந்து தன் பழைய நூல் புடவை, ஒரு ஜாக்கெட் எடுத்துக் கொடுத்தாள். "மூணு நாளா முள்ளுல கீறா. மேல துணி இன்னா கெதியில கீதோ. ஆம்பளைங்க எதிர்ல எப்பிடிடி வருவா?"

இதுவும் எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்குத் தோன்றியது.

இப்போது பையில்:

தண்ணீர், மூன்று பாட்டில்.
வெல்லம், உப்பு.
கட்டுத் துணி, டிஞ்சர்.
புடவை, ஜாக்கெட்.
கயிறு, டார்ச்.

விசில் இல்லை. அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். எல்லாரும் நேற்று இங்கே கழற்றிப் போட்ட காக்கிச் சட்டைகளை அம்மா தண்ணீரில் முக்கி வைத்துவிட்டாள், போட்டுக்கொண்டு போக முடியாதபடி. வேட்டியை எடுத்து வெளியே வைத்தேன். பிறகு மறுபடி உள்ளே வைத்தேன். அடியில். இல்லாவிட்டால் நைனா கேட்பார்.

என் கான்வாஸ் ஷூ காலுக்கு இன்னும் சரியாக இருக்கிறது.

கல்யாணம் ஆகாத பெண் ஆண்களோடு மலை ஏறினாள் என்று பேசுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி போதும், கவரைப்பேட்டை வரை போய்ச் சேரும். மூன்று வருஷம் காலேஜில் ஒரு கேள்விக்கும் நான் எழுந்து பதில் சொன்னதில்லை. மலையில் கத்த வேண்டும். குரல் வருமா?

வாசலில் மாமாவின் சைக்கிள். நைனா முகம் கழுவுகிற சத்தம்.

"இன்னாடாது, சட்டையெல்லாம் ஈரம்? யாருடி ஊற வெச்சது? பை எங்கம்மா?"

கூப்பிடுகிறார். நேரில் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் இங்கே எழுதி, இதை அப்படியே பார்த்துப் படித்துவிடப் போகிறேன்.

நைனா, என்னையும் கூட்டிக்கினு போ. நான் அவ பேரச் சொல்லிக் கூப்புடறேன்.