படத்தில் நன்றாகத்தான் இருக்கிறோம்

நாள் 9, காலை 06:20
மன்னிக்கவும். இதை எழுத நான் தகுதியானவளா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால் செவ்வாய்ப் பனிச்சுரங்கத்தின் சுகாதாரப் பதிவை என்னிடம் தந்திருக்கிறார்கள். காற்றழுத்தம் சரி. நீர் சரி. சுரங்கப் பெண்கள் சிலருக்குத் தோலில் வெளிறிய தேமல். அந்த இடத்தில் உணர்ச்சியில்லை. போனில் படமெடுத்துப் பூமிக்கு அனுப்ப வேண்டும். அங்குள்ள மருத்துவ நிலையம் நோய் என்று உறுதிசெய்தால்தான் மீட்புக் கப்பல் புறப்படும்.

நாள் 14, மாலை 17:05
ஒருவரும் படம் தரவில்லை. துளைப்பொறி ஓட்டும் தங்கபுஷ்பம் அக்கா எனக்கு அனுப்பிய குரல் பதிவு: "ஏட்டி எப்சி, மூஞ்சி தெரியாத டாக்டருக்கு முதுகக் காட்டதுக்கு நான் என்ன கடையில தொங்குத சேலையா?" பின்னால் பலர் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. நானும் யாரிடமும் முதுகைக் காட்டியதில்லை. என் முழங்கையைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். அதைக் கேலி செய்தபடியே ஒவ்வொருவராக அனுப்பத் தொடங்கினார்கள்.

நாள் 30, காலை 07:00
போன் வைத்தியம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. யார் முன்னாலும் உடை விலக்க வேண்டாம். பூமியின் பதில்: "தோல் சீராக உள்ளது. சிகிச்சை தேவையில்லை." அத்தனை பேருக்கும் இதே பதில். எப்படி?

நாள் 33, காலை 05:40
தெரிந்துவிட்டது. படம் என்றால் முகம் கழுவிப் பவுடர் போட்டுத்தானே நிற்போம். குளியலறை வாசலில் அக்கா தேமலின் மேலும் சுற்றிலும் பூசிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே நிறம். மற்றவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். துடைத்துவிட்டு எடுக்கலாம் என்று கெஞ்சினேன். உடனே அக்காவிடமிருந்து குரல் பதிவு: "டாக்டரே ஒண்ணுமில்லன்னு சொல்லியாச்சு. எங்களச் சீக்காளியாக்குததுல உனக்கு என்னட்டி சந்தோசம்?"

நாள் 71, மதியம் 13:15
அக்கா கொதிநீர்க் குழாயைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். சுட்டது தெரியவில்லை. சதை வெந்த வாடை வந்த பிறகுதான் கையைப் பார்த்திருக்கிறார். இன்று அவரே பவுடரைத் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். எல்லோரையும் புதிதாகப் படமெடுத்து அனுப்பினேன். பவுடர் விஷயத்தையும் எழுதினேன்.

நாள் 72, காலை 08:30
பதில்: "முந்தைய படங்களுடன் பொருந்தவில்லை. கேமராவைத் துடைத்து மீண்டும் அனுப்பவும்."
துடைத்தேன். அனுப்பினேன். அதே பதில். இதை மனிதர் யாராவது படிக்கிறீர்களா என்று கேட்டேன்.
"நோயாளிகள் இச்சேவையை முழுமையாக ஏற்றுக்கொண்டுள்ளனர். நன்றி."

நாள் 90, காலை
கை அழுகி, காய்ச்சலில் அக்கா போய்விட்டார். பனிக்குள் வைத்தோம். அவருடைய கடைசிக் குரல் பதிவு: "இன்னும் ஒரு படம் எடுத்து அனுப்பிப் பாரு மக்கா. இந்த வாட்டி நான் சிரிக்கல."
அனுப்பினேன். கேமராவைத் துடைக்கச் சொன்னார்கள்.

நாள் 200க்கு மேல்
ஒருவருக்குக் கிழிந்த கையுறை. ஒருவருக்குக் காலில் ஆணி. யாருக்கும் வலிக்கவில்லை. இப்போது நான் மட்டும் மிச்சம்.

நேரம் தெரியவில்லை
திரையை விரல் தொடுகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். எழுத்து தப்புகிறது

நாற்காலியில் சாய்ந்தால் முதுகில் ஒன்றும் தெரிவதில்லை. படமெடுத்துப் பார்க்க ஆளில்லை. ஆள் இருந்தபோது கூச்சப்பட்டுக் கேட்கவில்லை.

கதவைத் திறந்து வருபவரே, ஒன்று கேட்கலாமா. நான் உயிரோடு இருந்தால் படம் எடுக்காதீர்கள். என் முதுகைக் கையால் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் தொட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்

எனக்குத் தெரியாது