பல் டாக்டருக்கு ரிவர்ஸ் வரவில்லை

ஜனவரி 12, திங்கள்

நாலு மணி மாணவி வரவில்லை. தலைவலியாம். சனிக்கிழமை அவள் ஓட்டியதைப் பார்த்து எனக்கு வந்த தலைவலிக்கு நான் யாரிடம் லீவு கேட்பது? மிச்சமான ஒரு மணி நேரத்தில் பயிற்சிக் காரிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்த நோட்டு டாஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கும் வரை பத்திரம். வீட்டில் வைத்தால் ஒரு நாள் தாங்காது. ராத்திரி நடப்பதைக்கூட மறுநாள் இங்கே உட்கார்ந்துதான் எழுத வேண்டும்.

ஆம், சேர்ந்துவிட்டேன். இன்று முதல் நாள். பகலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார், மாலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை வீடு வீடாகப் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிறவர். வயது நாற்பத்தாறு. அந்தக் கடையில் என்னைவிட மூத்தது அடுப்பு மட்டும்தான். அதுவும் சந்தேகம்.

மனைவியிடம் சொல்லவில்லை. துணிக்கடை பில் கவுன்ட்டரில் பன்னிரண்டு வருடம் நின்றவள், நாற்பத்தொரு வயதில் வேலையை விட்டுவிட்டு லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். இரண்டு வருடப் படிப்பு. சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "கையைக் கடிக்குதுன்னா மறைக்காம சொல்லுங்க. அன்னிக்கே நிறுத்திட்டு மறுபடி கடைக்குப் போயிடறேன்." சொன்னால் செய்கிற ஆள். இரண்டாம் வருடக் கட்டணத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் பத்து. கையைக் கடிப்பதெல்லாம் போன மாதம். இப்போது முழங்கை வரை வந்துவிட்டது. ஆகவே பீட்சா.

வீட்டில் சொல்லி வைத்திருப்பது: "சாயங்காலம் தனியா கிளாஸ் எடுக்கறேன்." பாதிப் பொய்தான். மீதிப் பாதியும் பொய் என்பது வேறு விஷயம்.

ஜனவரி 13

எங்கள் தொழிலில் யாரும் வெளியே சொல்லாத ஒன்று உண்டு. பதினைந்து வருடமாக நான் வண்டி ஓட்டவே இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மற்றவர்களை ஓட்ட வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். வீட்டுக்குப் போவது பஸ்ஸில். என் கால் பக்கம் எனக்கென்று தனி பிரேக் இருக்கும். யார் எங்கே மோதப் போனாலும் அதை மிதித்தால் போதும்.

நேற்று கடை ஸ்கூட்டரில் போகும்போது முன்னால் ஒரு பஸ் நின்றது. வழக்கம்போலக் காலை ஓங்கி மிதித்தேன். ஸ்கூட்டரில் அந்த இடத்தில் வெறும் தகடு. கடைசி நொடியில் கைகளுக்கு ஞாபகம் வந்து நிறுத்திவிட்டேன். ஆனால் பெட்டிக்குள் இருந்தது நிற்கவில்லை. வாங்கியவர் மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு பக்கம் வெறும் ரொட்டி, மறுபக்கம் எல்லாம் குவியல்.

"இது யாராவது ஏற்கனவே சாப்பிட ஆரம்பிச்சதா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

ஜனவரி 16

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

சாப்பிடும்போது, "யாரு அந்தத் தனி கிளாஸ்?" என்றாள். டிவியில் பற்பசை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு பல் டாக்டர்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. செருப்பு விளம்பரம் ஓடியிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளை. அம்பது வயசு இருக்கும்."

"எப்படி ஓட்டறாங்க?"

"முன்னாடி போறது பரவால்ல. ரிவர்ஸ்தான் சுத்தமா வரல."

"பாவம்" என்றாள். அந்தப் பாவத்தில் உண்மையான இரக்கம் இருந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜனவரி 24

பல் டாக்டர் எங்கள் வீட்டில் குடியேறிவிட்டார். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவரைப் பற்றி விசாரணை. நேற்று அவர் பூந்தொட்டி ஒன்றை இடித்தார். முந்தாநாள் கிளட்சை விட மறந்தார். நானும் சளைக்காமல் அளந்துவிடுகிறேன்.

"நீங்க சத்தம் போடறீங்களா அவங்ககிட்ட?" என்று கேட்டாள்.

"லேசா."

"போடாதீங்க. ஊரையே வாயைத் திற, வாயைத் திறன்னு சொல்றவங்க உங்ககிட்ட வாயைத் திறக்காம வாங்கிக் கட்டிக்கிறாங்களே, அதுவே பெரிசு."

இனிமேல் அவரிடம் சத்தம் போடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். இல்லாத ஒரு பெண்மணிக்காக இவ்வளவு பொறுமையாக நான் இருந்ததே இல்லை.

பிப்ரவரி 2

கடையில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். இண்டிகேட்டர். கடையின் பின்பக்கச் சந்துக்குள் ஆளே இல்லாதபோதும் விளக்குப் போட்டுத் திரும்புகிறேனாம். திரும்ப வேண்டியதுதானே? விளக்கு எதற்கு இருக்கிறது?

மேலாளர் ஒரு பெண், முப்பது வயது இருக்காது. இன்று கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அண்ணே, சிக்னல்ல மஞ்சள் விழுந்தா மத்தவங்க முறுக்கறாங்க. நீங்க நின்னுடறீங்க."

"மஞ்சள்னா நிக்கறதுக்குத்தாம்மா."

"எனக்குத் தெரியுது அண்ணே. பீட்சாவுக்குத் தெரியலயே."

ஆறிப்போய் வந்தது என்று ஒரு புகார் வந்திருக்கிறதாம். மூன்று புகார் ஆனால் ஆளை நிறுத்திவிடுவது கடையின் விதி. விதியைப் பற்றி நான் வாதாட முடியாது. வாழ்நாளெல்லாம் விதியைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 11

இரண்டாவது புகார். தப்பு முழுக்க என்னுடையது.

மேட்டு ரோட்டில் எனக்கு முன்னால் ஒரு பயிற்சிக் கார், எங்களுடையது அல்ல, வேறு பள்ளி. ஓட்டிய பெண் மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டாள். எடுத்தால் பின்னால் உருள்கிறது, நிறுத்தினால் அணைகிறது. பின்னால் வரிசையாக ஹார்ன். அவளுடைய வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கை துறுதுறுத்தது. ஒதுங்கிப் போ, உனக்கென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டால்தானே?

ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு ஜன்னல் பக்கம் குனிந்தேன். "கிளட்சை அப்படியே பாதியில புடிம்மா. வண்டி லேசா நடுங்கும். நடுங்குதா? இப்போ ஹேண்ட்பிரேக்கை விடு."

மூன்றாவது தடவை ஏறிவிட்டாள். என்ன ஒரு சிரிப்பு அந்த முகத்தில். அந்த வாத்தியார் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "நீங்க யாரு?" என்றார். நான் தோளில் பீட்சாப் பையுடன் நின்றுகொண்டிருந்தேன். என்னவென்று சொல்வது?

பதினோரு நிமிடம். பீட்சா மரக்கட்டையாகிவிட்டது.

பிப்ரவரி 12

இன்னும் ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு பல் டாக்டருக்கும் எனக்கும் சேர்த்து வேலை போகும்.

பிப்ரவரி 20

அவளுக்குப் பல் வலி. இப்படி ஒன்று வரும் என்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

"உங்க டாக்டர்கிட்ட காட்டலாமே."

"அவங்க குழந்தைங்களுக்கு மட்டும் பார்க்கறவங்க."

"பல்லுக்கு வயசு பார்ப்பாங்களா?"

"பார்ப்பாங்க" என்றேன். "இப்போ அப்படித்தான் பிரிச்சிருக்காங்க." இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை. கல்லூரிக்குப் பக்கத்தில் ஒருவரிடம் காட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே படிக்கப் போய்விட்டாள். ரத்த அணுக்கள் பற்றிப் பாடம். ஒவ்வொன்றையும் வட்டம் போட்டு வரைந்து பெயர் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். படுக்கையறையில் இப்போது எங்களுடன் வெள்ளை அணுக்களும் தூங்குகின்றன.

மார்ச் 5

மூன்றாம் தெரு மாடி வீட்டில் கதவைத் திறந்தவர் என் பழைய மாணவர். வங்கிக் காசாளர். லைசென்ஸ் தேர்வில் மூன்று தடவை தோற்று, நாலாவது தடவை ஜெயித்தவர். நான் அவரைத் திட்டாத நாளில்லை.

என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அசடு வழிந்தேன்.

"கண்ணாடி பார்த்து வந்தீங்களா சார்?"

"பார்த்தேன்."

"இண்டிகேட்டர்?"

"போட்டேன்."

"சரி, பாஸ்" என்று சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவராகவே சொன்னார். நல்ல மனிதர். இவ்வளவு திட்டியிருக்க வேண்டாம்.

மார்ச் 10

அதிசயம். பிறந்த நாளுக்கு எட்டுப் பெட்டி கேட்ட ஒரு வீட்டார், "அந்த மெதுவா வர்றவரையே அனுப்புங்க, அவர் கொண்டு வந்தாதான் மேல போட்டது நகராம வருது" என்று சொல்லியிருக்கிறார்கள். மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இனிப் பெரிய ஆர்டர்கள் எனக்கு. மூன்றாவது புகாருக்குக் கொஞ்சம் இடைவெளி கிடைத்தது.

மார்ச் 18, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஐந்தே முக்காலுக்கு ஒரு ஆர்டர் சீட்டு. நாலு பெட்டி. விலாசத்தில் அவளுடைய கல்லூரி. லேப் பிரிவு, முதல் ஆண்டு, இரண்டாம் மாடி. செய்முறைத் தேர்வு முடிந்த கொண்டாட்டமாம். வேறு யாரையாவது அனுப்பச் சொன்னேன். "பெரிய ஆர்டர் அண்ணே, உங்களுக்குத்தான்" என்றார் மேலாளர்.

ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மாடி ஏறினேன். உள்ளே இருபது வயதுப் பிள்ளைகளின் கூச்சல். யாரோ, "அக்கா, பீட்சா வந்தாச்சு, வாங்கிடுங்க" என்றார்கள். கதவைத் திறந்தது அவள்.

வெள்ளை கோட்டு. பாக்கெட்டில் இரண்டு பேனா. அந்தக் கோட்டில் நான் அவளைப் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வருவதற்குள் மடித்துப் பைக்குள் வைத்துவிடுவாள். எவ்வளவு நன்றாக இருந்தாள் தெரியுமா. பில் கவுன்ட்டரில் எப்போதும் லேசாகக் குனிந்தே நிற்பாள். இங்கே நிமிர்ந்து நின்றாள்.

பெட்டிகளை எண்ணினாள். சீட்டைச் சரிபார்த்தாள். பணத்தைக் கொடுத்தாள். "மிச்சத்தை நீங்களே வச்சுக்கோங்க" என்றாள். யாரோ ஒருவரிடம் சொல்வது போல. நான் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கி வந்தேன்.

வீட்டுக்குப் போனதும், "இன்னிக்கு டாக்டர் எப்படி ஓட்டினாங்க?" என்றாள்.

மார்ச் 19

தெரிந்துவிட்டதா, இல்லையா?

தெரியாது என்பதற்கு: ஹெல்மெட். கூட்டம். வழக்கம்போலவே பேசுகிறாள். தெரியும் என்பதற்கு: பத்தொன்பது வருடமாக என்னுடன் குடித்தனம் செய்கிறாள். என் முழங்காலைப் பார்த்தாலே போதும்.

மார்ச் 24

இரண்டாம் வருடப் பதிவுப் படிவம் மேசைமேல் கிடக்கிறது. ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. எதையும் கொடுத்த அன்றே எழுதி முடிக்கிறவள்.

மார்ச் 27

இன்னும் வெற்று.

பழைய துணிக்கடை முதலாளி போன் செய்தாராம். ஆள் தேவைப்படுகிறதாம். பாத்திரம் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

ராத்திரி நான் தூங்கவில்லை. அவளும் தூங்கவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் தூங்குவது போலப் படுத்திருந்தோம்.

மார்ச் 30

பணம் முழுதும் சேர்ந்துவிட்டது. உறையில் போட்டுக் கொடுத்தேன். "டாக்டர் குடுத்ததா?" என்றாள். "ஆமா" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உறையைப் படிவத்தின்மேல் வைத்தாள்.

சொல்லிடலாமா? சொன்னா நிறுத்திடுவா. சொல்லாம விட்டா — அவளுக்குத் தெரிஞ்சிருந்தா? தெரிஞ்சுக்கிட்டே கேக்கறான்னா, நானா சொல்லணும்னுதானே காத்திருக்கா? பதினஞ்சு வருஷமா ஊருக்கெல்லாம் பயப்படாதே, பயப்படாதேன்னு சொல்லிக்குடுக்கற எனக்கு என்ன இவ்வளவு பயம்? அந்த வெள்ளை கோட்டை அவ கழட்டிடுவாளோன்னுதான் பயம். வேற ஒண்ணுமில்ல.

ஏப்ரல் 4

இன்று சொல்லியே தீருவது என்று உட்கார்ந்தேன்.

"அந்தப் பல் டாக்டர் இருக்காங்களே..."

"ம். சொல்லுங்க." கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, முழுசாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அவங்களுக்கு... ரிவர்ஸ் வந்துடுச்சு."

"சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

கோழை. என்னைத்தான் சொல்கிறேன்.

ஏப்ரல் 8, புதன்

எட்டே முக்காலுக்கு வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றும்போதே, "படிவத்துல உங்க கையெழுத்து வேணும்" என்றாள். முழுவதும் எழுதியிருந்தது. பில் எழுதிப் பழகிய குண்டு குண்டான எழுத்து.

மாணவர் பெயர், பிரிவு, ஆண்டு. கட்டணம் செலுத்துபவர் என்ற இடத்தில் என் பெயர். உறவு: கணவர். அதற்குக் கீழே, தொழில்: ஓட்டுநர் பயிற்சியாளர் (பகல்), பீட்சா டெலிவரி (மாலை).

அதற்கும் கீழே அச்சில் ஒரு வரி. மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன். பக்கத்தில் கையெழுத்துக்குக் கோடு.

மூன்று தடவை படித்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கனவே துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது தப்பா எழுதியிருக்கேனா?"

"இல்ல."

"அப்போ போடுங்க."

போட்டேன். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி இறங்கிவிட்டது. வந்து எடுத்துப் பார்த்தாள். மை காயும் வரை ஊதினாள்.

"நீங்க பீட்சா கொண்டு வந்த அன்னிக்கே நிறுத்திடணும்னுதான் நெனைச்சேன். கடைக்காரருக்கு நானேதான் போன் பண்ணேன், அவர் பண்ணல" என்றாள். "அப்புறம் தோணிச்சு, நான் நிறுத்திட்டா நீங்க அன்னிக்கு அந்த ரெண்டு மாடி ஏறினது எதுக்கு? நேத்து அவர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்."

கண் கலங்கியதை மறைக்கவில்லை. அவள் தட்டை எடுத்து வைத்துச் சாப்பிடச் சொன்னாள்.

ஏப்ரல் 9

பணம் கட்டியாயிற்று.

இன்று கல்லூரி மதியத்தோடு முடிந்துவிட்டது. ஐந்து மணிக்கு நான் கிளம்பும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வாசல் வரை வந்து மழைக்கு இரண்டு பிளாஸ்டிக் உறைகளை என் கையில் திணித்தாள். "பெரிசு பீட்சாப் பெட்டிக்கு" என்றாள். "சின்னதை நீங்க போட்டுக்கோங்க."