தீயில் கிடந்த தோட்டாக் கூடுகள்

அன்புள்ள எல்டனுக்கு,

ஆமாம், புதிது போலத்தான் இருக்கும். கடையில் வாங்கியவை என்றே நினைப்பாய். செவ்வாய்க்கிழமை முகாமுக்கு வந்த பாரத்தோடு மாமா தன் மகனுக்கென்று கொடுத்தனுப்பிய தோட்டாப் பெட்டியைச் சொல்கிறேன். அதிலிருந்து ஒன்றைக்கூடத் துப்பாக்கியில் போடாதே. போட்டிருந்தால் எடுத்துவிடு. பிறகு மீதியைப் படி.

அந்தத் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் நம் வீட்டு நிலவறையில் இருந்தவை. வீடு எரிந்தபோதும் அங்கேதான் இருந்தன.

நீ வேட்டை முகாமுக்குப் போன மறுநாளே மாமா சாம்பலைக் கிளறப் போய்விட்டார். துப்பாக்கிகள் வளைந்து கிடந்தன. உன் அம்மாவின் தட்டுகள் தொட்டதும் உதிர்ந்தன. ஒரு மூலையில் காப்பி டின். அதற்குள் நீயும் மாமாவும் சுட்டுச் சேர்த்து வைத்த வெற்றுக் கூடுகள், கரிக்கட்டை மாதிரி.

அவற்றை எலுமிச்சை உப்புக் கரைத்த வெந்நீரில் ஊறவைத்தார். காயவைத்தார். மெருகேற வால்நட் ஓட்டுத் தூளோடு அதிரும் தொட்டியில் போட்டார். இப்போது நாங்கள் குடியிருக்கும் ட்ரெய்லர் முழுக்க அதன் இரைச்சல். தட்டு அதிர்ந்தது, கரண்டி அதிர்ந்தது, நாங்கள் சத்தமாகப் பேசிப் பழகினோம். மூடியைத் திறந்தால் உள்ளே தங்கம். தீக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நானும் உட்கார்ந்து துடைத்துக் கொடுத்தேன், அவர் மருந்தும் குண்டும் அடைத்துப் புதுத் தோட்டாவாக்கினார். எனக்கு என்ன தெரியும்?

இன்று காலை ஓட்டுத் தூள் வாங்கத் தீவனக் கடைக்குப் போனேன். பெருமையாக ஒரு கூட்டை ஃபெர்னிடம் காட்டினேன். அவளைத் தெரியுமே, அங்கே துப்பாக்கிச் சாமான் விற்கிறவள், வாய் சும்மா இருக்காது. "அடேங்கப்பா, மாமனாரு நகைக்கடை வெச்சிட்டாரா?" என்றாள். எங்கே கிடைத்தது என்று கேட்டாள். சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

இடுக்கியை எடுத்துக் கூட்டின் அடிப்பக்கத்தை அழுத்தினாள். அது அப்படியே நசுங்கியது. நல்ல கூட்டை எடுத்து அதே இடத்தில் அழுத்திக் காட்டினாள். அசையவில்லை. "பாத்தியா? அடிதான் கெட்டியா நிக்கணும். இது தீயில வெந்து வெண்ணெயாயிருச்சு. சுட்டா அடி கிழியும், நெருப்பும் தகடும் பின்னால மூஞ்சில வரும். ஏம்மா மேவிஸ், ஒம் மாமனாரு ஆர்விலுக்கா இது தெரியாது? இந்த ஊருக்கே அவருதானே சொல்லுவாரு, தீயில கெடந்தத குப்பைல போடுன்னு?"

கடையை விட்டு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. தூள் வாங்கவில்லை. வண்டியில் உட்கார்ந்து சாவியைத் தேடினேன். அது கையில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து தொட்டியை நிறுத்தினேன். அந்த அமைதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். எல்டன், உன் அப்பா. வெடிமருந்தை மூன்று தடவை நிறுத்துப் பார்க்கிறவர். "அந்த மூலைக்கு அவ்வளவு சூடு ஏறியிருக்காதுன்னு நெனச்சேன்" என்றார். அப்புறம் ஒரு கூட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "பாரும்மா, எப்பிடி மின்னுது. கெட்டுப்போனது இப்பிடி மின்னுமா?" என்று என்னைக் கேட்டார். தெரியாமல் கேட்பது போல இல்லை. மின்னாது என்று நான் சொல்லவேண்டும் என்பது போல.

ஃபெர்ன் நசுக்கிய கூட்டை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. "அவன் துப்பாக்கிக்கு அளவு பாத்து செஞ்சேன்" என்றார்.

அதுதான் என் பயம். அப்பா செய்த தோட்டாவை நீ சோதித்துப் பார்க்கவே மாட்டாய்.

சனிக்கிழமை எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. முகாமுக்குச் சாமான் ஏற்றி வருகிற கிளின்ட் இன்று மதியம் கோவேறு கழுதைகளோடு கிளம்புகிறான். நாளை வெள்ளிக்கிழமை இரவுக்குள் அங்கே சேர்ந்துவிடலாம் என்கிறான். அவனிடம் வாயாலும் சொல்லியிருக்கிறேன். "ஒம் புருசன் கண்ணு முக்கியமா, எங்கழுதைங்க காலு முக்கியமா?" என்று விளையாட்டாக ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாரத்தக் கொறைச்சிட்டு வெரசாப் போறேன்" என்றான். எனக்காக மாவு மூட்டைகளை இறக்கி வைத்திருக்கிறான். முகாமில் ரொட்டி குறைந்தால் திட்டாதே.

அதற்குள் நீ வெள்ளிக்கிழமைப் பகலிலேயே குறி சரிபார்க்கத் துப்பாக்கியை எடுப்பாயா? எடுப்பாய். ஒவ்வொரு வருடமும் எடுப்பாய். அதை யோசித்தால் பேனா நிற்கிறது.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று மாமா கேட்டார். பெட்டியைத் திரும்பக் கேட்டால் போதுமாம், காரணம் வேண்டாமாம். காரணம் இல்லாமல் நீ கொடுக்கமாட்டாய், அதனால் எழுதிவிட்டேன். ஆனால் அவருக்குப் பதில் எழுதும்போது அளவு சரியாக இருந்தது என்று மட்டும் எழுது. அவர் கையின் மேல் அவருக்கு இன்னும் நம்பிக்கை இருக்கட்டும். எனக்கு எதுவும் எழுத வேண்டாம். இதே உறைக்குப் பின்னால் உன் பெயரைக் கிறுக்கிக் கிளின்டிடமே கொடுத்தனுப்பு. உன் கையெழுத்தாக இருந்தால் போதும். முழுசாகத் திரும்பி வா.

உன்
மேவிஸ்

உறையை ஒட்டும் முன்: மிச்சமிருந்த கூடுகளை வாசற்கல்லில் வைத்துச் சுத்தியலால் நசுக்கினேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.